முழங்கால் மூன்று முறை போனவர் மறுபடி ஆடுவாரா?

வாசகர் கேள்வி பதில்: கூடைப்பந்து

காயமும் மீட்சியும் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: டெரிக் ரோஸ் மீண்டு வந்தார் என்கிறேன் நான். வரவே இல்லை என்கிறான் தம்பி. இரண்டு வாரமாக வீட்டில் இதே வழக்கு. அடிக்கடி காயப்படும் ஒரு வீரர் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, முடியாதா?

பதில்: முதலில் நடந்ததை வரிசையாக வைத்துக்கொள்வோம். 2010-11 பருவத்தில் சிகாகோ புல்ஸ் அணிக்காக ரோஸ் 82 ஆட்டங்களில் 81 ஆடினார். சராசரி 25 புள்ளி. 22 வயதில், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருது. அவ்வளவு இளம் வயதில் அதை வாங்கியவர் வேறு யாருமில்லை. 2012 ஏப்ரல் 28-ல், பிலடெல்ஃபியாவுடனான பிளே-ஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) முதல் ஆட்டம் முடியும் நேரத்தில், இடது முழங்காலின் ஏ.சி.எல். (மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் போயிற்று. திரும்பி வந்த சில வாரங்களிலேயே, 2013 நவம்பரில், வலது முழங்காலின் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் அதிர்ச்சி தாங்கும் குருத்தெலும்புப் பட்டை) கிழிந்தது. 2015 பிப்ரவரியில் அதே வலது மெனிஸ்கஸ் மறுபடியும். இவ்வளவுக்கும் பிறகு 2018 அக்டோபர் 31 அன்று மினசோட்டாவுக்காக யூட்டாவுக்கு எதிராக 50 புள்ளி எடுத்தார். அந்தப் பருவத்தில் 51 ஆட்டங்கள், சராசரி 18. 2024 செப்டம்பரில் ஓய்வு பெற்றார்.

ஆக, 2011-ன் ரோஸ் திரும்பவில்லை. என்.பி.ஏ.வில் ஒரு அணிக்கு உண்மையாகவே பயன்பட்ட வேறொரு ரோஸ் வந்தார். தம்பி முதல் ஆளைத் தேடுகிறார், நீங்கள் இரண்டாமவரைப் பார்க்கிறீர்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், இரண்டாவது வகையும் மீட்சிதான். பெரும்பாலான வீரர்களுக்குக் கிடைக்கக்கூடிய மீட்சியும் அதுதான்.

யாரைப் பற்றி வாதம் வந்தாலும், "எத்தனை முறை அடிபட்டார்" என்ற எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். கெட்டது எது, எலும்பா, தசைநாரா, குருத்தெலும்பா என்று கேளுங்கள். அவருடைய ஆட்டம் எந்த அளவுக்கு அந்தக் காலை நம்பியிருந்தது என்று பாருங்கள். காயத்துக்கு வழிவகுத்த விஷயத்தில் எதையாவது மாற்றியிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். ரோஸின் ஆட்டமே முழு வேகத்தில் வந்து சட்டென்று திசை திரும்பி எழும்புவதுதான். அதை முழங்காலிடமிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஷான் லிவிங்ஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 பிப்ரவரியில் அவருக்கு முழங்கால் மூட்டே இடம்பெயர்ந்து, ஏ.சி.எல்., பி.சி.எல்., எம்.சி.எல். என்ற மூன்று தசைநார்களும் போயின. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்ற பேச்சு எழுந்தது. ஒப்பிட்டால் ரோஸின் முதல் காயம் சிறியது. ஆனால் 2 மீட்டர் உயரத்துக்குப் பாயின்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்த லிவிங்ஸ்டன், வேகத்தை விட்டுவிட்டு, குட்டையான கார்டுகளை முதுகால் தள்ளிக்கொண்டு போய் நடுத்தூரத்திலிருந்து திரும்பி எறியும் ஆட்டக்காரராக மாறினார். 2015, 2017, 2018 என மூன்று என்.பி.ஏ. கோப்பைகள் அவர் கையில்.

கேள்வி: ஏ.சி.எல். மோசமா, அக்கிலிஸ் மோசமா? நண்பர்களிடையே பந்தயம்.

பதில்: பந்தயத்தில் "அக்கிலிஸ்" என்றவருக்குக் கொடுத்துவிடுங்கள். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண்தான் அக்கிலிஸ். ஆனால் இரண்டையும் விட மோசமானது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

அறுந்த ஏ.சி.எல். இடத்தில் வேறொரு தசைநாணை எடுத்து வைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். முழங்காலுக்குப் பிடிமானம் திரும்பிவிடும். பிரச்சினை, தொடையின் முன்தசை இளைத்துப்போவதும் இறங்கும் முறை கெடுவதும். இரண்டையும் உழைத்துச் சரிசெய்யலாம். அக்கிலிஸ் அப்படியல்ல. தைத்த பிறகும் அந்தத் தசைநாண் பழைய நீளத்தைவிடச் சற்று நீண்டு ஆறிவிடுவது சகஜம். தளர்ந்த ரப்பர் பட்டை போல, கெண்டைக்கால் தசை எவ்வளவு இழுத்தாலும் குதிகால் முழு உயரத்துக்கு எழாது. முதல் அடியின் வெடிப்பு அங்கேதான் போகிறது. நீண்டு ஆறியதை எந்தப் பயிற்சியும் சுருக்காது. அதனால்தான் முதல் மூன்று மாதம் கணுக்காலை அதிகமாக மேல்நோக்கி மடக்கி நீட்டிப்பு செய்யக் கூடாது என்கிறார்கள். "இறுக்கமாக இருக்கிறதே" என்று இழுத்து இழுத்துக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர்.

டொமினிக் வில்கின்ஸுக்கு 1992 ஜனவரியில், 32 வயதில், அக்கிலிஸ் அறுந்தது. அடுத்த பருவத்தில் சராசரி 29.9 புள்ளி எடுத்தார். கெவின் டுரான்ட் 2019 ஜூன் 10 அன்று இறுதிச் சுற்றில் அறுத்துக்கொண்டார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே காலில் கெண்டைக்கால் தசைப்பிடிப்பு. ஒரு பருவத்தை முழுதாக விட்டுவிட்டு, ஏறக்குறைய 18 மாதம் கழித்து 2020 டிசம்பரில் இறங்கினார். 26.9 சராசரி. அவருடைய உயரமும் எறியும் முறையும் அக்கிலிஸைப் பெரிதாக நம்பியவை அல்ல என்பதும் உதவியது. கோபி பிரையன்ட் 34 வயதில், 2013 ஏப்ரல் 12-ல் அறுத்துக்கொண்டு, எட்டே மாதத்தில் திரும்பினார். ஆறு ஆட்டம் ஆடினார், முழங்காலில் எலும்பு முறிந்தது. டிமார்கஸ் கசின்ஸுக்கு 2018 ஜனவரியில் அக்கிலிஸ், 2019 ஏப்ரலில் தொடைத் தசை, அதே ஆகஸ்டில் ஏ.சி.எல். ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று எந்தத் தனி ஆளிடமும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு கால் பலவீனமாக இருக்கும்போது சுமை வேறெங்கோ இடம் மாறுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பாத எலும்பு தனிக் கதை. எலும்பு நன்றாகக் கூடும் பொருள்தான். ஆனால் பாதத்தின் நடுவில் உள்ள நாவிக்குலர் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. உயரமானவர்களின் எடை முழுவதும் அதன்மீதுதான். யாவ் மிங் பாத, கணுக்கால் காயங்களால் 2011-ல் விடைபெற்றார். ஜோயல் எம்பீடு இரண்டு பருவங்களை நாவிக்குலருக்குக் கொடுத்துவிட்டு வந்து 2023-ல் சிறந்த வீரர் ஆனார். ஸிட்ரூனாஸ் இல்காவ்ஸ்காஸுக்குத் திரும்பத் திரும்ப முறிந்தது. கடைசியில் பாதத்தின் அமைப்பையே திருத்தும் அறுவை செய்தார்கள், சுமை விழும் இடம் மாறியது. அதன் பிறகு 2003, 2005 ஆல்-ஸ்டார் ஆட்டங்களில் ஆடினார். காயத்துக்கு வழிவகுத்ததை மாற்றினாரா என்று முதல் பதிலில் விசாரிக்கச் சொன்னதன் முக்கியத்துவம் இதுதான். முறிந்ததை ஒட்டுவதோடு நின்றிருந்தால் மறுபடி முறிந்திருக்கும்.

இப்போது மிக மோசமானது: முழங்காலின் குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக்குழாயே கிடையாது, தானாக ஆறாது. எலும்பில் சிறு துளைகள் போட்டு ரத்தம் கசியச் செய்து புதுப் பூச்சு வளர்க்கும் மைக்ரோஃப்ராக்சர் அறுவையில் வளர்வது அசல் குருத்தெலும்பு அல்ல, அதைவிட மட்டமான நார்த்திசு. 2007-ல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான கிரெக் ஓடனுக்கு இரண்டு முழங்காலிலும் அது செய்தார்கள். மொத்தமே 105 என்.பி.ஏ. ஆட்டங்கள்தான் அவரால் ஆட முடிந்தது. பிராண்டன் ராய் 2011 டிசம்பரில் 27 வயதில் விலகினார். மறுபடி முயன்று ஐந்து ஆட்டத்தோடு நிறுத்தினார். உறுதியில் அவருக்குக் குறையேதும் இல்லை. தேய்வதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: சிலருக்கு உடம்பே அப்படித்தானா, அல்லது வெறும் துரதிர்ஷ்டமா?

பதில்: அடுத்த காயத்தை முன்கூட்டிச் சொல்லும் மிக வலுவான குறி, முந்தைய காயம். அதனால் 'உடம்பே அப்படி' என்ற முத்திரையில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் நான்கு முறை அடிபட்டவரும் நான்கு இடத்தில் ஒவ்வொரு முறை அடிபட்டவரும் ஒன்றல்ல. முதலாமவருக்குத் தீர்க்கப்படாத ஒரே காரணம் இருக்கலாம். ஸ்டீஃபன் கரி 2011-12-ல் 66 ஆட்டங்களில் 26 மட்டுமே ஆடினார். வலது கணுக்காலில் இரண்டு அறுவை. "இந்தக் கணுக்காலை நம்பி ஒப்பந்தமா" என்று பலர் கேட்டார்கள். இடுப்புத் தசைகளை வலுப்படுத்தி, திசை திரும்பும் சுமையைக் கணுக்காலிலிருந்து இடுப்புக்கு மாற்றினார். கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் அணிந்து ஆடினார். அடுத்த பருவம் 78 ஆட்டம். 2015, 2016-ல் சிறந்த வீரர். நான்கு வெவ்வேறு இடத்தில் அடிபட்டவரிடம் தூக்கம், உணவு, ஆட்ட நெரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். சில வேளைகளில் அது சும்மா கெட்ட நேரம்தான்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஏ.சி.எல். அறுவை முடிந்து ஆறு மாதம். ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஓடுகிறாள், வலி இல்லை. அடுத்த மாதப் போட்டிக்கு வரச் சொல்கிறார் பயிற்சியாளர். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாவது யோசனை இல்லை.

வைத்த புதுத் தசைநாண் உள்ளே உயிர்ப்பிடித்து தசைநாராக மாற ஓராண்டுக்கும் மேல் ஆகும். வலி இல்லாமை அதைக் காட்டாது. அது தெரியாமலே அறுந்துவிடக்கூடியது. ஒன்பது மாதத்துக்கு முன் திசை திருப்பும் விளையாட்டுக்குத் திரும்பியவர்களுக்கு மறுகாயம் தெளிவாக அதிகம். 25 வயதுக்குட்பட்டு மறுபடி ஆடப் போகிறவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் இரண்டாவது ஏ.சி.எல். காயத்தைப் பார்க்கிறார்கள், சிலருக்கு நன்றாக இருந்த மறுகாலில். கூடைப்பந்தில் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மாதம் என்பதும் அனுமதிச் சீட்டல்ல, குறைந்தபட்ச வாசல். அந்த நாளில் இவை எல்லாம் தேறியிருக்க வேண்டும்:

முழங்கால் முழுதாக நேராக வேண்டும், மறுகாலுக்கு இணையாக. இரண்டு மூன்று பாகை குறைந்தாலும் தொடை முன்தசை முழு வேலை செய்யாது. வீக்கம் இருக்கக் கூடாது. படுக்க வைத்து, முழங்காலின் உட்பக்கத்தை உள்ளங்கையால் மேல்நோக்கி இரண்டு மூன்று முறை தடவிவிடுங்கள், பிறகு வெளிப்பக்கம் கீழ்நோக்கித் தடவுங்கள். உட்பக்கக் குழியில் அலை போல ஏதாவது எழுந்தால் உள்ளே நீர் இருக்கிறது. பயிற்சி முடிந்த மறுநாள் காலையில் இதைப் பார்ப்பது நல்லது.

தொடை முன்தசையின் பலம் மறுகாலின் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். இதைக் கருவியில் அளக்கச் சொல்லுங்கள். பிசியோ கையால் தள்ளிப் பார்த்து "நல்லா இருக்கு" என்பது போதாது, 30 சதவீதக் குறையைக் கூடக் கை கண்டுபிடிக்காது. கருவி இல்லாத இடத்தில், முழங்கால் 90 பாகை மடங்கும் உயரத்தில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் 22 முறைக்கு மேல் வர வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. ஒன்பது மாதத்தில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவதில் பெருமை இல்லை. அறுவைக்கு முன்பே நல்ல காலை அளந்து வைத்திருந்தால் அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து ஒற்றைக் கால் தாவல்கள்: ஒரே தாவல், தொடர்ந்து மூன்று, கோட்டின் இருபுறமும் குறுக்காக மூன்று, 6 மீட்டரை நேரம் வைத்துத் தாவிக் கடப்பது. எல்லாவற்றிலும் 90 சதவீதம். ஆனால் முன்னோக்கித் தாவும் தூரத்தை இடுப்பையும் கணுக்காலையும் வைத்தே ஒப்பேற்றிவிடலாம், முழங்காலின் குறை மறைந்துவிடும். ஒற்றைக் காலால் நேர் மேலே குதிக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும். அதையும் கட்டாயம் கேளுங்கள். இரு காலிலும் 30 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கிக் குதிப்பதைக் கைபேசியில் முன்னாலிருந்து படம் எடுங்கள். முழங்கால்கள் உள்ளே சாய்கின்றனவா, எடையை நல்ல காலுக்குத் தள்ளுகிறாளா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

பயிற்சியாளரிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். அவரும் மகளின் நன்மையைத்தான் விரும்புவார். அணியோடு உட்காரட்டும், நின்ற இடத்தில் எறிந்து பழகட்டும். ஆட்டம் வேண்டாம்.

கேள்வி: முழங்கால் சிரட்டைக்குக் கீழே வலி. குதித்தால் குத்துகிறது. மூன்று வாரம் முழு ஓய்வு எடுத்தால் போகிறது, ஆடினால் அடுத்த வாரமே வருகிறது. ஏன்?

பதில்: ஓய்வில் வலி அடங்குகிறது, தசைநாணோ இன்னும் பலவீனமாகிறது. பழைய சுமையோடு திரும்பும்போது தாங்கும் திறன் முன்பைவிடக் குறைவு. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, சுமையை அளந்து கொடுப்பது.

முதல் கட்டம் அசையாப் பிடிப்பு. லெக் எக்ஸ்டென்ஷன் கருவியில் முழங்காலை சுமார் 60 பாகையில் நிறுத்தி, கனமான எடையில் 45 வினாடி பிடியுங்கள். 5 முறை, நடுவே 2 நிமிட ஓய்வு. தினம் ஒன்றிரண்டு தடவை. பலருக்கு அப்போதே வலி இறங்கும். ஓரிரு வாரம் கழித்து, ஒருநாள் விட்டு ஒருநாள், கனமும் மெதுவும்: லெக் பிரஸ், ஸ்குவாட், லெக் எக்ஸ்டென்ஷன். 15 முறை தூக்கக்கூடிய எடையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக 6 முறைதான் முடியும் என்ற எடை வரை. நான்கு சுற்று. ஏற்ற 3 வினாடி, இறக்க 3 வினாடி. குதிப்பு அதற்கும் பிறகு, மூன்று நாளுக்கு ஒரு முறை என்று தொடங்கி.

பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று வரை இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை சரிவுப் பலகையில் ஒற்றைக் கால் ஸ்குவாட் செய்து பாருங்கள். நேற்றைய அளவே வலி என்றால் அதே சுமை தொடரலாம், கூடியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்து எதிர்பார்க்காதீர்கள், ஆறு மாதமும் ஆகும். ஸ்டீராய்டு ஊசியில் சில வாரம் சுகம் கிடைக்கும், நாளடைவில் தசைநாணுக்குக் கெடுதல். போட்டிக்கு முன் அவசரமாக அதைப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. உயரக் கழுத்து ஷூ வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. ஷூவின் உயரம் தடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கயிறு கட்டும் வகைப் பிரேஸ் உதவும், முன்பு பிசகியவர்களுக்குத்தான் அதிகம். டேப் ஒட்டினால் அரைமணி ஆட்டத்திலேயே தளரும். கூடவே ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி, கண் திறந்து, பிறகு மூடி, பிறகு பந்தைப் பிடித்தபடி. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். சுவரில் முழங்காலைத் தொடும் சோதனையும் செய்யுங்கள்: குதிகால் தரையை விட்டு எழாமல், பெருவிரல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும்போது முழங்கால் சுவரைத் தொடுகிறது? இரு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூட்டு இன்னும் இறுகியிருக்கிறது.

கேள்வி: நான் ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர். பத்து மாதம் கழித்து ஒரு வீரர் வருகிறார், எல்லாச் சோதனையும் தேறிவிட்டார். முதல் ஆட்டத்தில் எத்தனை நிமிடம் கொடுப்பது?

பதில்: நிமிடத்தைக் கேட்பதற்கு முன், எத்தனை முழுப் பயிற்சி ஆடியிருக்கிறார் என்பதைக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று வாரமாவது எந்தத் தடையுமின்றி ஐவருக்கு ஐவர் ஆடியிருக்க வேண்டும். அதற்கு முன் படிகள்: தனியாக எறிதல், முன்பே தெரிந்த திசையில் வெட்டித் திரும்புதல், கை காட்டும் திசையில் சட்டென்று திரும்புதல், பந்தை இரண்டு முறை மட்டும் தரையில் தட்ட அனுமதித்து ஒருவருக்கு ஒருவர், அரைக் களத்தில் மூவருக்கு மூவர், பிறகுதான் ஐவர். மூன்றாவது படியைத்தான் அதிகம் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். ஏ.சி.எல். காயங்களில் பெரும்பாலானவை யாரும் மோதாமலே நேர்பவை. கண் எதிராளியைப் பார்த்துக்கொண்டிருக்க, கால் யோசிக்காமல் ஊன்றும்போது நடப்பவை. முன்பே தெரிந்த திசையில் நூறு முறை திரும்பியது அந்த நொடிக்குத் தயார் செய்யாது.

முதல் ஆட்டத்தில் 12 முதல் 16 நிமிடம், நான்கு நிமிடத் துண்டுகளாக. ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும் கொடுங்கள், உடம்பு சூடாக இருக்கும். நாங்கள் அடிக்கடி காணும் தவறு, "பாதுகாத்து வைப்போம்" என்று முக்கால்வாசி ஆட்டம் பெஞ்சில் குளிர வைத்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடம், ஆட்டம் மிகச் சூடான கட்டத்தில், இறக்கிவிடுவது. உட்காரும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஸ்குவாட், சின்னக் குதிப்புகள் செய்யட்டும். இரண்டு மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறை நான்கு நிமிடம் கூட்டலாம். அடுத்தடுத்த நாள் ஆட்டம் முதல் மாதம் வேண்டாம்.

நிமிட வரம்பு வைத்துவிட்டு மறுநாள் பயிற்சியில் இரண்டு மணி நேரம் ஓட விட்டால் வரம்புக்கு அர்த்தமே இல்லை. வாரத்தின் மொத்தக் குதிப்புகளை எண்ணச் சொல்லுங்கள், ஒரு உதவியாளரும் நோட்டுப் புத்தகமும் போதும். ஒரு வாரத்துக்கும் அடுத்ததுக்கும் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்ல நடைமுறை அளவு. இன்னொன்று, சைக்கிள் மிதித்தே மூச்சுத் தகுதி தேற்றி வருபவர்கள். நுரையீரல் தயார், ஆனால் ஓட்டத்தில் திடீரென நிற்பதைத் தாங்கத் தொடைக்குப் பழக்கம் இல்லை. தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங் பிடிப்பது அவர்களுக்குத்தான்.

கேள்வி: டிக்கெட் வாங்கி வந்த ரசிகனை ஏமாற்றும் "லோட் மேனேஜ்மென்ட்" (சுமையைக் குறைக்க வீரரை ஆட்டத்தில் இறக்காமல் ஓய்வு கொடுப்பது) எதற்கு? அந்தக் கால வீரர்கள் இப்படியா இருந்தார்கள்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயம். என்.பி.ஏ.வும் அதை ஏற்றுத்தான் 2023-24 முதல் பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டம் கட்டாயம் என்றது. ஆனால் நலமாக இருப்பவருக்கு ஓய்வு கொடுப்பதும் காயத்திலிருந்து வருபவரை அளந்து ஆடவைப்பதும் வேறு வேறு. கவாய் லெனார்ட் 2018-19-ல் 60 ஆட்டம்தான் ஆடினார், டொரான்டோ கோப்பை வென்றது. அந்தக் காலத்தைச் சொன்னீர்கள்: பில் வால்டன் பாதக் காயங்களால் மூன்று முழுப் பருவங்களை இழந்தார். 1985-86-ல் பாஸ்டன் அவரைப் பெஞ்சிலிருந்து, குறைந்த நிமிடங்களுக்கு இறக்கியது. 80 ஆட்டம் ஆடினார், கோப்பை வென்றார், சிறந்த ஆறாவது வீரரும் ஆனார். அளந்து ஆடியதால் கிடைத்த பருவம் அது.

கேள்வி: உடம்பு தேறியும் பயம் போகவில்லை. ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க) குதிக்கும்போது கால் கூசுகிறது. இது மனப்பலவீனமா?

பதில்: இல்லவே இல்லை. ஆடத் தயாரா என்பதை அளக்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று, அதற்கென்றே வினாத்தாள் உண்டு. உங்கள் பிசியோவிடம் கேளுங்கள். தயக்கத்தோடு குதிப்பவர் விறைத்த காலோடு இறங்குகிறார், முழங்கால் மடங்குவது குறைகிறது, அதிர்ச்சி கூடுகிறது. 2013 மார்ச்சில் மருத்துவர்கள் சரி என்ற பிறகும் ரோஸ் இறங்கவில்லை, கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அந்த விமர்சனத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை.

பயத்தைப் பேசிப் போக்குவதைவிடச் செய்து போக்குவது நல்லது. காயம் நேர்ந்த அதே அசைவைத் துண்டு துண்டாக்குங்கள். யாருமில்லாமல் குதித்து இறங்குங்கள். பிறகு பந்தோடு. பிறகு பக்கத்தில் ஒருவர் நிற்க. பிறகு அவர் திண்டால் லேசாக இடிக்க. கடைசியில் உண்மையான முட்டல். ஒவ்வொன்றிலும் பயத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். மூன்றுக்குக் கீழே வந்த பிறகு அடுத்தது.

கேள்வி: வயது 33. இரண்டு முழங்கால் அறுவை, குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்கிறார் மருத்துவர். பெரிய போட்டி எதுவுமில்லை, ஆசைக்குத்தான் ஆடுகிறேன். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: முழுக் கள ஆட்டத்தை நிறுத்துங்கள். கூடைப்பந்தை நிறுத்த வேண்டும் என்று சொல்ல மனம் வரவில்லை, அவசியமும் இல்லை. கிரான்ட் ஹில் கணுக்காலில் ஐந்தாறு ஆண்டுகளைத் தொலைத்துவிட்டு, 36 வயதில் 82 ஆட்டமும் ஆடினார், 40 வரை ஆடினார். ஆனால் அவருடையது எலும்பைத் திருத்தி அமைக்க முடிந்த கணுக்கால், உங்களுடையது தேய்ந்த முழங்கால். அந்த உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாரம் இரண்டு நாள், நடுவே 48 மணி நேர இடைவெளி விட்டு, அரைக் களத்தில் மூவருக்கு மூவர், 20 நிமிடம். கூட்டத்துக்குள் ரீபவுண்டுக்குக் குதிப்பதை விட்டுவிட்டு, ஆளைப் பின்னால் தடுத்து நின்று, கால் தரையை விட்டு எழாமலே பந்தைப் பிடிக்கப் பழகுங்கள். இடைப்பட்ட நாட்களில் தொடைக்கும் இடுப்புக்கும் எடைப் பயிற்சி, விடாமல். கூடுதல் எடை இருந்தால் குறையுங்கள், நடக்கும்போதே ஒரு கிலோ குறைந்தால் முழங்காலில் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது. ஆடிய மறுநாளும் வீக்கம் வடியவில்லை என்றாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, முழங்கால் இடையில் பூட்டிக்கொண்டாலோ அந்த மாதம் ஆட வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது நின்றபடி எடுத்த எக்ஸ்ரே கேளுங்கள். படுத்து எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.